பதினெட்டுச் சொற்களுக்கு ஒரு முத்திரை

அருகிவரும் மொழிகளின் ஆவண நிறுவனத்தில் இரண்டு விதமான மரியாதை உண்டு. கையில் கருவிப்பையோடு போனால், "யோவ் மெக்கானிக், பின்பக்கமா வா" என்பார்கள். பை இல்லாமல் போனால், "வாங்கய்யா, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். இரண்டும் ஒரே ஆளுக்குத்தான். நான் அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக். கூடவே, மொழி 47-ஆ பேசும் கடைசி இரண்டு பேரில் ஒருவன். இன்னொருத்தி என் அக்கா.

எங்கள் மொழியை நாங்கள் 'நம்ம பேச்சு' என்றுதான் சொல்வோம். அது பெயராகாது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. எல்லோரும் அவரவர் பேச்சை நம்ம பேச்சு என்றுதானே சொல்வார்கள், ஃபைல் குழம்பிப் போகுமாம். அதனால் எண் கொடுத்தார்கள். அப்படியானால் 47-அ யாருடையது என்று கேட்டேன். "அது போன வருஷமே முடிஞ்சிருச்சுய்யா" என்றார்கள், கடையில் சர்க்கரை தீர்ந்துபோனதைச் சொல்வதுபோல.

என்னை அவர்கள் கண்டுபிடித்ததே அந்த லிஃப்டால்தான். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிடுவது அதன் வியாதி. மூன்றாவது மாடியில் பாதுகாப்புப் பிரிவு. மொழி மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. நான்காவதில் மாற்றப் பிரிவு. மொழி எப்படி மாறுகிறது என்று அளப்பது இவர்கள் வேலை. நடுவில் நிற்கும் லிஃப்டுக்குப் புகார்ப் புத்தகத்தில் எந்த மாடி கையெழுத்துப் போடுவது என்ற தகராறு ஆறு வருடம் நடந்தது. ஒரு நாள் லிஃப்ட் கூரைமேல் நின்று வேலை செய்யும்போது ஸ்பானர் நழுவிக் கால் கட்டைவிரலில் விழுந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். இரண்டு மாடிக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. அன்று நான் திட்டிய திட்டை மறுபடி சொல்லச் சொல்லி ஒலிநாடாவில் எடுத்தார்கள். அதுதான் 47-ஆவின் முதல் பதிவு. இன்றும் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அதன்பின் பத்து வருடத்தில் என்னிடமும் அக்காவிடமும் நானூறு மணி நேரம் பதிவு செய்தார்கள். அக்கா சலிக்காமல் பேசினாள். அவள் பிழைப்பே பேச்சுதான். பஸ் நிலைய மைக்கில் முப்பது வருடம், எந்த பஸ் எந்த பிளாட்பாரம் என்று ஊர் மொழியில் அறிவித்தவள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஒரே மகன். அவனையும் கூப்பிட்டுச் சோதித்தார்கள். நம்ம பேச்சில் நான் திட்டினால் மட்டும் அவனுக்குப் புரியும். 'திட்டு நிலை. பேச்சாளர் அல்லர்' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

போன மழைக்காலத்தில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று. ஊர் மொழியும் போயிற்று. இப்படி நடப்பதுண்டு, பின்னால் படித்தது போய் முதலில் பழகியது மட்டும் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். ஊருக்கே வழி சொன்னவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கேட்க அந்த ஊர் மொழியில் ஒரு சொல் இல்லை. நம்ம பேச்சு மட்டும் முழுசாக இருந்தது.

முதியோர் மருத்துவ இல்லத்தில் சேர்த்தேன். பார்வையாளர் நேரம் மாலை ஐந்திலிருந்து ஆறு. மிச்ச இருபத்து மூன்று மணி நேரத்துக் குறையையும் அந்த ஒரு மணி நேரத்தில் கொட்டுவாள்.

"முதுகு எரியுதுடா. திருப்பிப் படுக்க வைங்கன்னு சொன்னா டிவியப் போட்டு விட்டுட்டுப் போறாங்க. டிவிய நிறுத்துன்னு சொன்னா சத்தத்தக் கூட்டறாங்க."

அதனால் ஒரு வெள்ளைத்தாளில் பதினெட்டுச் சொற்களை எழுதினேன். இடப்பக்கம் நம்ம பேச்சு, வலப்பக்கம் ஊர் மொழி. தண்ணி, வலிக்குது, குளிருது, ஜன்னல மூடு, திருப்பிப் படுக்க வை, டிவிய நிறுத்து. கடைசியில் 'தம்பியக் கூப்பிடு'. கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். வார்டு நர்ஸ் மூன்றே நாளில் அத்தனையும் மனப்பாடம் செய்துவிட்டார். உச்சரிப்பு கண்றாவியாக இருந்தது. அக்கா வேலை செய்யும் பாதி வாயால் சிரித்துச் சிரித்துத் திருத்தினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

நாலாம் நாள் தாளைக் காணோம். தலைமை நர்ஸ் கிழித்து மேசை டிராயரில் வைத்திருந்தார்.

"இது என்ன மொழி?"

"எங்க மொழிங்க."

"அத யாரு சொல்றது?"

"நான்தான் சொல்றேன்."

"நீங்க சொன்னா ஆச்சா? வலின்னு எழுத வேண்டிய எடத்துல தண்ணின்னு எழுதியிருந்தீங்கன்னா நாளைக்கு பதில் சொல்றது யாரு? அங்கீகாரம் உள்ள எடத்துல சீல் வாங்கிட்டு வாங்க. அன்னைக்கே ஒட்டிடலாம்."

நியாயமாகத்தான் பட்டது எனக்கு. நானூறு மணி நேரத்தைப் பூட்டி வைத்திருப்பவர்களிடம் பதினெட்டுச் சொல்லுக்கு ஒரு சீல் கிடைக்காதா என்ன? பையை வீட்டில் வைத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு போனேன்.

பாதுகாப்புப் பிரிவுத் தலைவி அம்மா தாளை இரண்டு விரலால் பிடித்துப் படித்தார். ஒன்பதாவது சொல்லில் பேனா நின்றது.

"இது என்னங்கய்யா?"

"ட்ரிப்ஸ் குழாய் உறுத்துதுன்னு அர்த்தம்மா."

"நம்ம அகராதியில இல்லையே."

"அப்ப அவளுக்கு ட்ரிப்ஸ் ஏத்தலம்மா. போன மாசம் அவளே உண்டாக்கிக்கிட்டா."

அந்த அம்மா பேனாவை மூடினார். "அப்ப இது 47-ஆ இல்ல."

"அவ இப்ப அப்படித்தான் பேசறா."

"தப்பாப் பேசறாங்க. ஒவ்வொரு மொழிக்கும் அடிப்படை ஆண்டுன்னு ஒண்ணு வச்சிருக்கோம். அதுக்கு அப்புறம் வர்றதெல்லாம் சேதாரம். ஒரு மொழியக் காப்பாத்தறது எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாதுய்யா. அதுக்குப் பெரிய எதிரி யாருன்னு நெனக்கிறீங்க? பேசறவங்கதான். வாயத் தொறந்தா எதையாவது மாத்திடறாங்க. 47-அ மொழியப் பாருங்க, எவ்ளோ சுத்தமா இருக்கு. அது முடிஞ்சு பதினோரு வருஷமா ஒரு எழுத்து மாறல."

அவர் குரலில் உண்மையான பிரியம் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மேல்மாடிக்குப் படியேறினேன். லிஃப்ட் நடுவில் நின்றிருந்தது.

மாற்றப் பிரிவு அதிகாரி ஒன்பதாவது சொல்லைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரெண்டே பேர் இருக்கற மொழியில புதுச் சொல்லு. எங்க ஆளுங்க இதுக்காக இருபது வருஷமாக் காத்திருக்காங்க. அக்காவுக்கு வேற ஏதாவது உறுத்துதா?"

"நெறைய உறுத்துது சார். சீல் போடலாங்களா?"

"தாராளமா. ஆனா அளந்து முடிச்சப்புறம்." சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். மேலே இடது மூலையில் கிளம்பிய ஒரு சிவப்புக் கோடு வழுக்கிக்கொண்டே வந்து கீழே வலது மூலையில் 'இரண்டு' என்ற இடத்தில் நின்றது. "இப்ப இத செவத்துல ஒட்டினா நர்ஸ் படிப்பாங்க. படிச்சாப் பேசுவாங்க. பேசினா மூணு பேர். இவ்ளோ அழகா எறங்கற கோடு சட்டுனு ஏறினா, பாக்கறவன் நம்மளப் பத்தி என்ன நெனப்பான்?"

"அந்த நர்ஸம்மா ஏற்கனவே மனப்பாடம் பண்ணிட்டாங்க சார்."

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஏதோ நல்ல செய்தி சொல்வதாக நினைத்துச் சொல்லித் தொலைத்தேன். அவர் குறித்துக்கொண்டார்.

மறுநாளைக்கு மறுநாள் மருத்துவ இல்லத்தின் படிக்கட்டில் அந்த நர்ஸ் என்னை நிறுத்தினார். நிறுவனத்திலிருந்து முத்திரையோடு ஒரு கடிதம் வந்திருந்தது. முத்திரை இருந்தால் தலைமை நர்ஸ் எதையும் செய்துவிடுவார்.

"அண்ணா, என்னத் துணி துவைக்கிற பக்கம் மாத்திட்டாங்க. உங்க அக்காகிட்ட நான் பேசக் கூடாதாம். மொழி மாசுபடுதாம்."

"யாரால?"

"என்னாலதான். நான்தான் மாசாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு நேராக இயக்குநர் அறைக்கே போனேன். பெரிய அறை. மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு உலக உருண்டை. உயிரோடு இருக்கும் மொழிக்குப் பச்சைக் குண்டூசி, முடிந்துபோனதற்குச் சிவப்பு. சிவப்பு ஊசிகள் ஒரு கிண்ணம் நிறையத் தயாராக இருந்தன. 'ஒரு மொழி இறக்கும்போது ஓர் உலகம் இறக்கிறது' என்று பித்தளையில் எழுதிச் சுவரில் பதித்திருந்தார்கள். இயக்குநர் உருக வேண்டிய இடம் வந்தால் பேசுவதில்லை, அந்தப் பக்கம் கையைக் காட்டுவார்.

நான் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஐயா, ரெண்டு பிரிவும் சேர்ந்து ஒரு கூட்டு அளவீடு செஞ்சிட்டா உங்க பிரச்சன தீர்ந்துது. அக்கா ரூம்ல மைக்கு வச்சு பதினாலு நாள் விடாமப் பதிவு பண்றோம். அவங்க பேசறது என்ன, எவ்வளவு மாறியிருக்கு, எல்லாம் தெரிஞ்சிடும். அந்தப் பதினாலு நாளும் நீங்க மட்டும் அவங்களப் பாக்கவோ பேசவோ கூடாது. ரெண்டு பேச்சாளரும் பேசிக்கிட்டா ஒருத்தர் பேச்சு இன்னொருத்தர் மேல ஒட்டிக்கும்."

"நாங்க அக்கா தம்பிங்க சார்."

"அதத்தான் சொல்றேன், அது ஒரு பெரிய குறைபாடு. பதினஞ்சாம் நாள் சீல் உங்க கையில. லேமினேஷன் பண்ணியே குடுத்துடறோம்." பித்தளையைக் காட்டினார்.

கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. பதினாலு நாள் ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுத்தால் அதன்பின் இருபத்து நாலு மணி நேரமும் அவள் சொல்வது புரியும் என்று எனக்கு நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். அந்தக் கணக்கை இப்போது நினைத்தால் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மைக் வைத்த அன்று கடைசியாகப் பார்க்க விட்டார்கள். இல்லத்து விதிப்படி அறைக்குள் இருக்கும் பிளக்கில் மருத்துவக் கருவி தவிர வேறெதையும் செருகக் கூடாது. அதனால் வராந்தாவிலிருந்து வயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்திருந்தார்கள். நாலு விரல் இடைவெளிக்குமேல் ஜன்னல் மூடவில்லை. குளிர் ஆரம்பித்திருந்தது.

"சார், இது மூடலையே."

"ரெண்டு வாரந்தானேய்யா," என்றார் பதிவு அலுவலர், காதில் ஹெட்ஃபோனை மாட்டியபடி. "கொஞ்சம் வெளிய இருந்து சத்தமும் வந்தா இயல்பா இருக்கும்."

அக்காவிடம் நம்ம பேச்சில் சொன்னேன். "பதினாலு நாள் வரமாட்டேன்கா."

"எங்கடா போற?"

"எங்கயும் போகல. சீல் வாங்கறதுக்கு."

"நீ லிஃப்டு ரிப்பேர் பண்ற லட்சணத்துல இதையும் பண்ணாத," என்று பாதி வாயால் சிரித்தாள். "சீக்கிரம் வந்துடு."

தினமும் ஐந்து மணிக்கு எதிர்த் தெருவில் வந்து நிற்பேன். ஆறு மணிவரை அந்த ஜன்னலைப் பார்ப்பேன். கறுப்பு வயர் வெளியே தொங்கும். உள்ளே என்ன நடந்தது என்பதை நர்ஸ் பிற்பாடுதான் சொன்னார். பதிவு அலுவலர் தினமும் வந்து உட்காருவாராம். தரவில் தலையிடக் கூடாது என்பது விதி. அதனால் அக்கா எதைக் கேட்டாலும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, அருமை, இன்னும் பேசுங்கள் என்று சைகை செய்வாராம். ஆறாம் நாள் நர்ஸ் துணி மூட்டையோடு உள்ளே புகுந்து ஜன்னலை அடித்துச் சாத்தியிருக்கிறார். வயர் நசுங்கி, அன்று காலை நாற்பது நிமிடப் பதிவு வீணாயிற்று. நர்ஸுக்கு மெமோ கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்து புது வயர் போட்டார்கள்.

எனக்கு அப்போதே தெரிந்திருந்தால் அந்த வயரோடு கட்டடத்தையே இழுத்திருப்பேன்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் போன் வந்தது. நெஞ்சில் சளி கட்டிவிட்டதாம். நான் போகும்போது அக்கா போயிருந்தாள். கை சில்லென்று இருந்தது. மைக்கில் சின்னச் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நான் அழுததும் பதிவாகியிருக்கும்.

மறுநாள் கூரியரில் ஒரு உறை வந்தது. லேமினேஷன் செய்த தாள். பதினேழு சொற்கள் இருந்தன. 'ஒன்பதாவது சொல் தரமற்றது என நீக்கப்பட்டது' என்று அடியில் குறிப்பு. முத்திரை பளிச்சென்று, ஊதா மையில், வட்டமாக விழுந்திருந்தது. அது விழுந்த இடம் கடைசி வரி. 'தம்பியக் கூப்பிடு' என்பது அதற்கடியில் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து நிறுவனத்தில் விழா வைத்தார்கள். 'மொழி 47-ஆ: இறுதிக் குரல்' என்று அழைப்பிதழ். கடைசிப் பேச்சாளர் என்று எனக்குப் பட்டயம். அன்று காலை எட்டு மணிக்கு, விருந்தினர் வரும் நேரத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, உடனே வாய்யா என்று கூப்பிட்டார்கள். பதினொரு மணிக்கு, ஐயா கிளம்பிட்டீங்களா என்று கூப்பிட்டார்கள். காவலாளிக்கு என்னை எந்த வாசலில் விடுவது என்று தெரியவில்லை. பையோடு முன்வாசலில் நுழைந்தேன்.

போக வேண்டாம் என்றுதான் மகன் சொன்னான். அக்காவின் குரலைப் போடுவார்கள் என்பதற்காகப் போனேன். வேறு எங்கே கேட்பேன் அதை? மகனை என் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். நர்ஸையும் அழைத்திருந்தேன். அவர் கடைசி வரிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

மாற்றப் பிரிவு அதிகாரி அந்தச் சிவப்புக் கோட்டைத் திரையில் காட்டினார். 'ஒன்று' என்ற இடத்துக்கு அது வந்திருந்தது. "நாங்கள் கணித்ததற்கும் நடந்ததற்கும் நான்கே மாதம்தான் வித்தியாசம்," என்றார். பாதுகாப்புப் பிரிவுத் தலைவி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த அம்மையாரின் மொழி இனி யாராலும் கெடாது," என்றார். இயக்குநர் கடைசியாக எழுந்தார்.

"பதினோராம் நாள், அந்த மூதாட்டி ஒரே தொடரை அறுபத்தோரு முறை உச்சரித்திருக்கிறார். ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்த நம் அறிஞர்கள், இது அந்த இனத்தின் தொன்மையான வழிபாட்டுப் பாடலாக இருக்கக்கூடும் என்று கருதுகிறார்கள். மரணத்தின் வாசலில் அவர் தம் முன்னோரை அழைத்திருக்கிறார். அனைவரும் எழுந்து நின்று கேட்கும்படி வேண்டுகிறேன்."

என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் தரவு. தரவிடம் போய் யாரும் கருத்துக் கேட்பதில்லை. அவர்களுடைய அகராதியில் அந்தச் சொற்கள் எல்லாமே இருக்கின்றன, அக்காவே சொல்லிக் கொடுத்தவை. புரட்டிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். ஒலிபெருக்கியில் அக்கா வந்தாள். மூச்சு இரைத்தது. ஆனாலும் எந்த பஸ் எந்த பிளாட்பாரம் என்று சொல்லும் அதே நிதானம், அதே தெளிவு. புரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

ஜன்னல மூடு. குளிருது. ஜன்னல மூடு. குளிருது.

நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கடைசி வரிசையிலிருந்து நர்ஸ் விலகி நடந்துபோய், அரங்கத்து ஜன்னலை இழுத்துச் சாத்தினார். கொண்டியைப் போட்டார். போட்ட பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஒலிபெருக்கியைப் பார்த்தபடி, அதே கண்றாவி உச்சரிப்பில், நம்ம பேச்சில் சொன்னார்.

"மூடிட்டேன்கா."

"யாரும்மா அது?" என்றார் இயக்குநர். "பதிவு ஓடிட்டிருக்குல்ல. சத்தம் போடாம நில்லுங்க."

பதிவை முழுக்க ஓடவிட்டார்கள். அறுபத்தோரு முறையும் நின்றபடி கேட்டேன். முடிந்ததும் என்னை மேடைக்கு அழைத்தார்கள். பட்டயத்தைக் கையில் திணித்து, மைக்கை என் வாய்க்கு நேராக வைத்தார் பதிவு அலுவலர்.

"உங்க மொழியில ரெண்டு வார்த்த பேசுங்கய்யா. அர்த்தம் வேண்டாம். ஒலி போதும்."

பத்து வருடத்துக்கு முன் லிஃப்ட் கூரைமேல் நின்று நான் சொன்னதைச் சொன்னேன். கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறதே, அதேதான். இயக்குநர் முகத்தைப் பார்த்து நிதானமாக ஒரு தரம், பிறகு ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தரம்.

அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. இயக்குநர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து ஏற்றுக்கொண்டார். முதல் வரிசையில் என் மகன் மட்டும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அவனுக்குத் திட்டு மட்டும் புரியும்.

பட்டயத்தை மேடையிலேயே வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன். கடைசி வரிசைக்குப் போய் நர்ஸிடம், "வா, போகலாம்" என்று நம்ம பேச்சில் சொன்னேன். அது அந்தப் பதினெட்டில் இல்லை. ஆனாலும் அவர் எழுந்து வந்தார்.